கருமுட்டைக்கும் சாதிச் சான்றிதழா?

ஆடித் தள்ளுபடி ஜவுளிக்கடையோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தோம். இந்த வாரம் நாளிதழுக்கு நடுவே செருகி வந்த ஒரு நோட்டீஸ் அந்த நினைப்பைக் கெடுத்தது. கருத்தரிப்பு மையம் ஒன்றின் விளம்பரம். வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று கொழுகொழுவென்று சிரிக்கிறது. முதல் ஆலோசனை இலவசமாம், ஸ்கேன் பாதி விலையாம், வெற்றி நூற்றுக்கு நூறாம். கீழே பொடி எழுத்தில் 'டோனர் வசதி உண்டு'. அந்தக் கடைசி வரி உறுத்தவே, நம் உதவி ஆசிரியர் அந்த எண்ணுக்குப் போன் போட்டார். மனைவிக்கு 41 வயது, கருமுட்டை தானமாக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். மறுமுனையில் இருந்த பெண் பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இதுவரை எங்கே காட்டினீர்கள் என்றும் கேட்கவில்லை. கேட்ட முதல் கேள்வி:

"எந்த கம்யூனிட்டி பார்க்குறீங்க சார்?"

நம்மவர் திகைத்து நின்ற இடைவெளியில் இரண்டாவதும் வந்தது. "கலரா வேணும்னா கொஞ்சம் கூட ஆகும். வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பட்டுமா?"

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மாதச் சம்பளத்துக்குப் போன் எடுப்பவர். நாள் முழுக்க நம் ஆட்கள் என்ன கேட்கிறார்களோ, அதை அவர் முந்திக்கொண்டு கேட்கிறார், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தோம், வீடு வாடகைக்கு விட 'நம்மவங்களா' என்று விசாரித்தோம், சுடுகாட்டில்கூடத் தனிப் பாதை போட்டோம். மிச்சம் இருந்தது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணு. அதையும் விட்டுவைக்கவில்லை.

படித்த மகாஜனங்களே, ஒரு சந்தேகம். மனிதக் கருமுட்டையில் இருப்பவை 23 குரோமோசோம்கள். இவற்றில் எத்தனையாவது குரோமோசோமில் உங்கள் சாதி ஒட்டியிருக்கிறது? தாசில்தார் கையெழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது? ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எம்பிரியாலஜிஸ்ட்டுகளைக் கேளுங்கள். முட்டை முதிர்ந்ததா, முதிராததா என்று சொல்வார்கள். அது எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று அவர்களால் சொல்ல முடியாது.

சட்டத்தைப் பார்த்தால் இந்தக் கவலைக்கே வேலையில்லை. செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2021-ல் நிறைவேறி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தானமாகப் பெற்ற முட்டையில் பிறந்தாலும் அந்தக் குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தைதான். சொத்துரிமை உட்பட எல்லா உரிமையும் உண்டு. முட்டை கொடுத்தவருக்குக் குழந்தை மீது எந்த உரிமையும் கிடையாது. ஆக, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் உங்கள் சாதிச் சான்றிதழைக் காட்டித்தான் அதற்கும் சான்றிதழ் வாங்கப்போகிறீர்கள். பிறகு எதற்கு ஐயா முன்கூட்டியே முட்டையிடம் விசாரணை?

பிள்ளை நம் ஜாடையில் இருக்க வேண்டும் என்ற ஆசை நமக்குப் புரியாமல் இல்லை. தெருவில் நாலு பேர் 'யார் மாதிரி இருக்கு?' என்று கேட்பார்களே என்ற பயமும் புரிகிறது. 2005-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதலே, விந்து வங்கியிடம் கொடையாளரின் உயரம், நிறம், படிப்பு பற்றித் தம்பதி கேட்டறியலாம் என்றுதான் சொன்னது. இரத்த வகை பொருந்துகிறதா என்று பார்ப்பதும் நியாயமே. ஆனால் மாநிறத் தம்பதிக்கு எதற்கு மாவு நிறத்தில் டோனர்? இது ஜாடைப் பொருத்தம் இல்லை, பேராசை. அதற்கு 'கூட ஆகும்' என்று ஒரு மையம் விலை வைக்கிறதென்றால், அந்த விலையைக் கொடுக்க நாம் வரிசையில் நிற்கிறோம் என்று அர்த்தம்.

கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை. முட்டை விஷயத்தில் முக்கியமானது வயது. 41 வயதுக்காரரின் கருப்பையில் 25 வயதுக்காரரின் முட்டை வளர முடியும். டோனர் முறையில் வெற்றி வாய்ப்பு கூடுவதே அந்த இளம் முட்டையால்தான். அதனால்தான் சட்டமும் 23 முதல் 35 வயதுக்குள் இருப்பவரிடம் மட்டும் எடுக்கச் சொல்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவரின் முட்டை ஒரு தம்பதிக்கு மட்டுமே. அவருக்குத் தம்பதி 12 மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். டோனரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்துத் தருவது பதிவு பெற்ற வங்கியின் வேலை. அவர் யார் என்பது வெளியே தெரியக் கூடாது. இப்போது அந்த டெலிபோன் உரையாடலை மறுபடி படித்துப் பாருங்கள். மையமே வாட்ஸ்அப்பில் டோனர் போட்டோ அனுப்புகிறதென்றால் சட்டம் எந்த மூலையில் சுருண்டு கிடக்கிறது என்று தெரியும்.

அந்த டோனர் யார்? பெரும்பாலும் வட்டி கட்ட முடியாத பெண், புருஷன் விட்டுப் போன பெண், மில் வேலை நின்றுபோன பெண். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. இயல்பாக மாதம் ஒரு முட்டை முதிர்கிற இடத்தில் ஒரேயடியாகப் பல முட்டைகளை முதிர வைப்பார்கள். கடைசியில் மயக்கம் கொடுத்து ஊசி வழியே உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகும். 2010-ல் மும்பையில் 17 வயதுப் பெண் ஒருத்தி முட்டை கொடுத்த பிறகு இறந்துபோனாள். 2022-ல் ஈரோட்டில் அம்பலமானதை யாரும் மறந்திருக்க முடியாது. 16 வயதுச் சிறுமி. பெற்ற தாயே கூட்டிக்கொண்டு போனாள். போலி ஆதாரில் வயதைக் கூட்டி, மருத்துவமனை மருத்துவமனையாக, பலமுறை. ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் என்று கணக்கு வெளியே வந்தது. தாயும் அவளோடு இருந்தவனும் பெண் புரோக்கரும் கைதானார்கள். மருத்துவமனைகளை மூட உத்தரவு வந்தது, விஷயம் நீதிமன்றம் போனது. இது அம்பலமானதே புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறு மாதம் ஆவதற்குள்தான்.

அந்தச் சிறுமியின் முட்டையை வாங்கிய தம்பதிகளும் எங்கோ இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் சாதி கேட்டார்கள், எத்தனை பேர் வயது கேட்டார்கள் என்பதுதான் நம் கேள்வி.

ஆகவே தம்பி, தங்கச்சி, கல்யாணமாகிச் சில வருடமாகக் காத்திருப்பவர்களே, நோட்டீஸைப் பார்த்து ஓடாதீர்கள். முதலில் வீட்டுக்காரரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற விந்துப் பரிசோதனைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு, மனைவியை மட்டும் ஊர் ஊராக ஸ்கேன் எடுக்க அனுப்புகிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மையத்துக்குப் போனால் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஐ.யூ.ஐ (விந்தணுவைக் கருப்பையில் செலுத்துவது) மட்டும் செய்யும் முதல் நிலை மையமா, ஐ.வி.எஃப் (ஆய்வகத்தில் கரு உருவாக்குவது) செய்யும் இரண்டாம் நிலை மையமா என்று கேளுங்கள். வெற்றி என்று அவர்கள் சொல்வது எதை? இரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்ததையா, குழந்தை கையில் வந்ததையா? இரண்டுக்கும் நடுவே எத்தனையோ கரு கலைந்துபோகிறது. உங்கள் வயதுக்காரர்களில் ஊசி போடத் தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள் என்று கேளுங்கள். நூற்றுக்கு நூறு என்பவர் உலகத்தில் யாருக்கும் தெரியாத மருத்துவம் செய்கிறார். அவரை நோபல் கமிட்டிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் அடுத்த மையத்துக்குப் போங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். நாம் இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிச் சலித்த விஷயம்தான். சாயங்கால டீக்கடையில் போண்டா விலை பலகையில் இருக்கிறது, முடிவெட்டும் கடையில் சவரத்துக்கு விலை ஒட்டியிருக்கிறது. லட்சக்கணக்கில் வாங்கும் தனியார் மருத்துவமனை வாசலில் மட்டும் பலகை கிடையாது. 'பேக்கேஜ்' ஒன்றரை லட்சம் என்பார்கள். ஊசி தனி, மயக்க மருந்து தனி, கருவை உறைய வைக்கத் தனி, டோனர் தனி என்று பிறகு வரும். தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போன பிறகுதான் முழுத் தொகை தெரியும். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் நடத்துவது நல்ல காரியம். ஆனால் தென்காசிக்காரரும் ஓசூர்க்காரரும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எழும்பூருக்கு ரயில் ஏற முடியுமா? மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வர வேண்டும். அது வருகிறவரை, தனியார் மையங்கள் முழுச் செலவையும் பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வைக்கட்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்துவிடலாம். பலகையில் ஒரு வரி கூடுதலாகவும் இருக்கட்டும்: டோனரின் காப்பீட்டுக்குத் தம்பதி கட்ட வேண்டிய பிரீமியம் எவ்வளவு. அந்த வரியை எழுத மறுக்கும் மையத்தின் பெயரை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள். நகலை நமக்கும் அனுப்புங்கள்.