"பந்தை என்கிட்ட குடு"ன்னு சொல்றவங்களுக்கு...

சனிக்கிழமை சாயங்காலம் நம்ம விடுதி மைதானத்துல டாட்ஜ்பால் ஆடுற மக்களே, இது உங்களைத் திட்டுறதுக்காகவே எழுதுற பதிவு. கோவப்படாம கடைசி வரைக்கும் படிங்க.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அணிக்கு 6 பேர், நடுவுல ஒரு கோடு, கையில ஸ்பாஞ்ச் பந்து. எறிஞ்ச பந்து யார் மேல படுதோ அவர் அவுட். அது தரையில படாம யாராவது பிடிச்சுட்டா எறிஞ்சவர் அவுட், கூடவே பிடிச்ச அணியில வெளியே நிக்கிற ஒருத்தர் உள்ள வந்துடலாம்.

அந்தக் கடைசி விதியை இன்னொரு தடவை படிங்க. ஒரே ஒரு மோசமான எறிக்கு ரெண்டு ஆள் வித்தியாசம்! ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? பந்து கைக்கு வந்ததும் நெஞ்சு உயரத்துக்கு, தனியா, முழு பலத்தோட ஒரு எறி. எதிர்ல இருக்கிறவன் குழந்தையைத் தூக்குற மாதிரி அணைச்சுப் பிடிச்சுக்கிறான்.

போன வாரம் எங்க அணியில ஒரு வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். "பந்தை என்கிட்ட குடு"ன்னு வர்ற பந்தையெல்லாம் வாங்கிக்கிட்டார். 3 ஆட்டம். நான் எறிஞ்ச பந்து எத்தனை தெரியுமா? பூஜ்யம். 3 ஆட்டத்துலயும் தோத்தோம், அது வேற விஷயம்.

வேகம் வேணாம்னு சொல்லல. வேகம் மட்டும் போதாதுன்னு சொல்றேன். ஒரே ஆளைக் குறி வெச்சு, "ஒண்ணு, ரெண்டு" எண்ணி ரெண்டு பேர் சேர்ந்து எறிஞ்சு பாருங்க. ஒரு பந்தைப் பாத்தா இன்னொண்ணு பட்டுடும். முழங்காலுக்குக் கீழ எறிங்க, குனிஞ்சு பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். எதிராளி எறிஞ்சு முடிச்ச அந்த நொடியில எறிங்க. அப்ப அவன் ஒரு கால் முன்னாடி வெச்சு, தன் பந்து எங்க போகுதுன்னுதான் பாத்துக்கிட்டிருப்பான். எல்லாப் பந்தையும் ஒரேடியா எறிஞ்சு தீர்க்காதீங்க. ஒண்ணாவது கையில இருந்தாதான் வர்ற பந்தைத் தட்டிவிட முடியும்.

இதுல எதுக்காவது பெரிய புஜபலம் தேவையா? என்னை மாதிரி ஒல்லிக்குச்சி போதும்.

2019-ல கனடாவுல, வான்கூவர்ல நடந்த ஒரு கல்வி மாநாட்டுல சில ஆய்வாளர்கள், டாட்ஜ்பால் ஒடுக்குமுறையைக் கத்துக்கொடுக்குது, பள்ளிக்கூடத்துல அது கூடாதுன்னு பேசினாங்க. படிச்சப்ப சிரிச்சேன். ஒரு பந்து விளையாட்டுக்கு இவ்வளவா? அப்புறம் என் பள்ளிக்கூட நாட்கள் ஞாபகம் வந்தது. பந்து எப்பவும் அதே ரெண்டு பேர் கையில. மத்தவங்க எல்லாம் குறிப்பலகை. எனக்குத் தெரிஞ்சு அந்த வயசுல நான் கத்துக்கிட்டது ஓரமா நிக்கிறது எப்படிங்கிறதைத்தான். சிரிப்பு நின்னுபோச்சு.

தப்பு பந்து மேல இல்லீங்க, அதை யார் கையில விடுறோம்ங்கிறதுல இருக்கு. அடுத்த சனிக்கிழமை பந்து கிடைச்சதும் உடனே எறியாதீங்க. பக்கத்துல யார் சும்மா நிக்கிறாங்கன்னு பாருங்க. அவங்க கையில ஒரு பந்தைக் குடுத்துட்டு எண்ண ஆரம்பிங்க.

டிஸ்கி: தலைக்கு எறியறதுக்குப் பேர் வியூகம் இல்ல, ரவுடித்தனம்.