ஒரு பிற்றின் விலை

சென்ற வருடம் உம்மம்மா மாத்தளையில் ஒரு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தார். துணைக்கு நின்ற மாமியிடமிருந்து இரவு பத்து மணியளவில் ஒரு குறுந்தகவல் வந்தது. ஆங்கில எழுத்துக்களில் இரண்டே சொற்கள். முதற்சொல் வி, ஏ, எல், ஐ. அடுத்தது "இல்லை". உம்மா அதை "வழி இல்லை" என்று வாசித்தார். வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ணி அழத் தொடங்கினார். இரத்தோட்டையிலிருந்து போக அந்நேரத்தில் பஸ்ஸும் இல்லை. மாமியின் தொலைபேசி இணைப்புக் கிடைக்க அரை மணித்தியாலம் சென்றது. அவர் எழுதியது "வலி இல்லை" என்று!

இன்று வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தை உம்மா இன்னும் மறக்கவில்லை. அன்று அந்தத் தகவலில் குறைந்தது என்ன? கணினியின் மொழியில் சொன்னால், ஒரேயொரு பிற்று.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பிற்று என்றால் 0 அல்லது 1 என்று மனனம் செய்து எழுதிவிட்டு வருகிறோம். 1948ஆம் ஆண்டு குளோட் ஷனன் என்ற அமெரிக்க அறிஞர் தொடர்பாடல் பற்றிய தமது கட்டுரையில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். சொல்லை உருவாக்கியவர் ஜோன் டூக்கி என்றும் அதில் குறிப்பிட்டார். சமவாய்ப்புள்ள இரண்டில் எது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் ஒரு பிற்று. ஆம் அல்லது இல்லை, 0 அல்லது 1, லகரமா ழகரமா.

தமிழ் இலக்கியம் படிக்கும் எமக்கு இக்கணக்குப் புதியதல்ல. யாப்பில் அசைகள் நேர், நிரை என இரண்டே. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. ஓர் அசை கூடும்போதெல்லாம் சீர்களின் தொகை இரட்டிக்கிறது. பிற்றுகளும் அப்படியே. 7 பிற்றுகளால் 128 குறிகளைக் காட்டலாம். 16 பிற்றுகளால் 65,536 குறிகளைக் காட்டலாம்.

இங்கேதான் தமிழின் சிக்கல் தொடங்குகிறது. ஒரு குறுந்தகவலின் கொள்ளளவு 1,120 பிற்றுகள். ஆங்கில எழுத்துக்கு 7 பிற்றுகள் போதும் என்பதால் 160 எழுத்துக்கள் அடங்கும். அந்த 128 இடங்களில் தமிழுக்கு இடமில்லை. தமிழில் எழுதினால் குறிக்கு 16 பிற்றுகள் வேண்டும்; ஆகவே 70 குறிகள்தான். அதிலும் "லி" என்பது லகரம் ஒன்று, விசிறி ஒன்று என இரண்டு குறிகள். ஒரே விடயத்தைத் தமிழில் அனுப்ப இரண்டு தகவல்களின் பணம் போகலாம். எமது மூத்தவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதப் பழகியதை நான் குறை சொல்லமாட்டேன். அன்று அதற்குக் காரணம் இருந்தது.

இன்று அந்தக் காரணம் இருக்கிறதா? வட்ஸ்அப்பில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைற்றுகள், அதாவது 24 பிற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். 500 குறிகள் கொண்ட நீண்ட கடிதமே 1,500 பைற்றுகள்தான். வெள்ளிக்கிழமை காலையில் குழுக்களில் வந்து குவியும் "ஜும்ஆ முபாரக்" படங்களில் ஒன்று 150 கிலோபைற்று என்றால், அதன் இடத்தில் அப்படியான நூறு கடிதங்களை அனுப்பலாம். படத்துக்குத் தாராளம், ழகரத்துக்குக் கஞ்சத்தனம் என்பது என்ன நியாயம்?

குறுந்தகவல் கணக்கில் பார்த்தாலும், மாமியின் முதற்சொல் தமிழில் 48 பிற்றுகள், ஆங்கில எழுத்தில் 28. மிச்சம் 20 பிற்றுகள். தேவையான அந்த ஒரு பிற்றோ போய்விட்டது.

"எம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழ் எழுதவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. அரபுத்தமிழை ஆக்கியவர்கள் அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துக்களில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து, வரையறை செய்து எழுதினார்கள். நாம் கைத்தொலைபேசியில் எழுதுவதற்கு வரையறையே இல்லை. பள்ளியும் பல்லியும் ஒன்று. மலையும் மழையும் ஒன்று. மாத்தளை மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். றிவர்ஸ்டன் பக்கம் முகில் கறுக்கும் நாட்களில் மலையும் மழையும் ஒன்றாகத் தெரியும் தகவலை நம்பி யார் என்ன செய்வது?

இன்னொரு நியாயமான மறுப்பும் உண்டு. சிங்கள, ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் எமது சகோதர சகோதரிகள் பலர் தமிழ் பேசுவார்கள், எழுத்து வாசிக்கமாட்டார்கள். அவர்களுக்குக் குரல் பதிவு அனுப்புவோம். அவர்களைச் சாட்டாக வைத்து, தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த உம்மம்மாமாரை இருட்டில் விடக்கூடாது.

எழுத்துருக் குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். பாமினியில் தட்டிய கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கிறது. பிற்றுகள் மாறவில்லை, அவற்றை வாசிக்கும் உடன்பாடுதான் இல்லை. 1991இல் வெளிவந்த யுனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. அந்த உடன்பாட்டை நாம் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

சகோதரிகளே, இன்றிரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். ஆங்கில எழுத்தை அழுத்தத் தமிழ் எழுத்து வரும் வசதியும், பேசினால் எழுதும் வசதியும் உண்டு. பிறகு உம்மாவின் தொலைபேசியையும் வாங்கி அதைச் செய்து கொடுங்கள். பெற்றோரே, பிள்ளை அனுப்பும் தகவல் விளங்காவிட்டால் "தமிழில் எழுது மகள்" என்று ஒரு தடவை திருப்பி அனுப்புங்கள்.

மாமி இப்போது தமிழில்தான் எழுதுகிறார். எழுத்துப்பிழை நிறைய வரும். ஆனால் வலியையும் வழியையும் மட்டும் கவனமாகப் பார்த்தே அனுப்புகிறார்.