பெயரும் பொருளும்: கார்ல்

பிள்ளைக்குப் பெயரிடும் நாள் அணுகியதும் இல்லந்தோறும் ஓர் ஆராய்ச்சி தொடங்கிவிடும். வெற்றி, ஒளி, செல்வம் எனச் சிறந்த பொருள் தரும் பெயரையே பெற்றோர் தேடுவர். பழைய ஜேர்மானியரும் இதற்கு விலக்கல்லர். 'லுட்விக்' என்றால் போரிலே புகழ் பெற்றவன். 'பிரீட்ரிக்' என்றால் அமைதியுடன் ஆள்பவன். இவற்றின் நடுவே 'கார்ல்' என்னும் பெயர் மிக எளியது. மனிதன் என்பதே அதன் பொருள். உயர்குடியிற் பிறவாதவனாயினும் எவர்க்கும் அடிமையல்லாத குடிமகனை அச்சொல் குறித்தது.

இதன் உடன்பிறப்புகள் இரண்டினை நோக்குவோம். ஆங்கிலத்தில் உழவனைக் குறித்த சொல் 'சேர்ல்' எனத் திரிந்து, காலப்போக்கில் நாகரிகமற்ற முரடனைக் குறிக்கலாயிற்று. ஜேர்மன் மொழியிலுள்ள 'கெர்ல்' இன்றும் 'ஆள்', 'பயல்' என்ற அளவிலேயே வழங்குகிறது. கார்ல் மட்டும் உயர்ந்தது எவ்வாறு?

பிராங்கியர் என்னும் ஜேர்மானிய இனத்தாரின் மன்னனான கார்ல், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தான். 800 ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று உரோமாபுரியிலே பாப்பரசர் மூன்றாம் லியோ அவனுக்குப் பேரரசனாக முடிசூட்டினார். வரலாற்று நூல்கள் 'சார்லமேன்' எனக் கூறுபவன் இவனே. 814 இல் அவன் இறந்தான்; பெயர் இறக்கவில்லை. கிழக்கே வாழ்ந்த சிலாவிய மக்கள் 'அரசன்' என்பதற்கே அவன் பெயரைச் சொல்லாக்கிக் கொண்டனர். செக் மொழியில் 'கிரால்', போலிஷ் மொழியில் 'குருல்', ருஷ்ய மொழியில் 'கரோல்' என்பன அதன் திரிபுகளே. உரோமானியச் சீசரின் பெயர் 'கைசர்' ஆனதும் இவ்வாறே. ஆனால் சீசர் என்பது உயர்குடிப் பெயர். இதுவோ சாதாரண மனிதனின் பெயர். 2022 இல் பிரித்தானிய அரியணை ஏறிய மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் தாங்குவதும் இவ்வெளிய பெயரின் மற்றொரு வடிவமே.

தமிழர் நினைவிற்கொள்ள வேண்டிய கார்ல் ஒருவரும் உளர். பேரரசன் மறைந்து ஆயிரம் ஆண்டுகளின் பின், 1814 இல் ஜேர்மனியிற் பிறந்த கார்ல் கிரௌல் என்னும் பாதிரியார், தென்னகம் வந்து தமிழ் கற்றார். திருக்குறளை ஜேர்மன் மொழியிற் பெயர்த்து 1856 இல் வெளியிட்டார். அவர் முடி சூடவில்லை, நாடொன்றையும் வெல்லவில்லை. எனினும் வள்ளுவரை நாம் போற்றும் வரையில் அவர் பெயரையும் நன்றியுடன் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மாணவச் செல்வங்களே, பெற்றோர் தேர்ந்து இட்ட பெயருக்கு அகராதி ஒரு பொருள் கூறும். எஞ்சிய பொருளை நாமே வாழ்ந்து எழுதவேண்டும்.