பகுதிக்கு ஒரு சபை

பகுதி சபை என்பது நகராட்சி வார்டின் ஒரு பகுதியில் வாழும் வாக்காளர்கள் ஓரிடத்தில் கூடி, தங்கள் தெருவின் குடிநீர், சாக்கடை, விளக்கு, குப்பை பற்றிப் பேசி முடிவைப் பதிவு செய்யும் கூட்டம். கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டை போன்ற சிறு நகருக்கு இது புதிது. ஊரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலோ 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராம சபை நெடுங்காலமாகக் கூடிவருகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நாள்களோடு மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் பின்னர் சேர்ந்தன. ஊராட்சி எல்லைக்குள் வீடு இருந்தால் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் மனுதான் எழுத வேண்டும். இதுவே பல ஆண்டுகளாக நிலைமையாக இருந்தது.

இந்த வேறுபாடு அரசமைப்புச் சட்டத்திலேயே தொடங்கியது. 73-ஆவது திருத்தம் கிராம சபைக்கு இடம் கொடுத்தது. 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. சிறு நகரங்கள் இரண்டுக்கும் நடுவில் விடுபட்டன. அண்டை மாநிலமான கேரளம் தன் 1994-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தில், 1 லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு வார்டு சபையை ஏற்படுத்தி, வார்டின் வாக்காளர் எல்லோரையும் அதில் உறுப்பினராக்கியது. தமிழ்நாட்டில் பகுதி சபைக்காக 2010-இல் நகராட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

உளுந்தூர்பேட்டைக்கு அது மாற்றங்களின் காலம். 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2021-இல் உளுந்தூர்பேட்டை பேரூராட்சி நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2022 பிப்ரவரியில் 24 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. செயல் அலுவலர் இருந்த இடத்துக்கு ஆணையர் வந்தார்.

விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதியை நகர்மன்றம் நியமிக்கும். இந்தப் பிரதிநிதிகள் சேர்ந்தது வார்டு குழு. அதன் தலைவர் வார்டு கவுன்சிலர். பகுதி சபைக்கும் அவரே தலைமை ஏற்பார். சபையில் எழுந்த கோரிக்கை வார்டு குழுவுக்கும், அங்கிருந்து நகர்மன்றத்துக்கும் போக வேண்டும். எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, எங்கே பொதுக்குழாய், எங்கே கழிப்பிடம் என்று முன்னுரிமை சொல்வதே சபையின் முக்கிய வேலை.

அங்கே எழும் குறைகள் எல்லாம் நகராட்சியின் கைக்குள் அடங்குபவை அல்ல. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர் இது. தேசிய நெடுஞ்சாலையும் அதன் சர்வீஸ் ரோடும் சுங்கச்சாவடியும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைச் சேர்ந்தவை. மாநில நெடுஞ்சாலையாக உள்ள சாலைக்கு மாநில நெடுஞ்சாலைத் துறை பொறுப்பு. உள்தெருக்கள்தாம் நகராட்சிக்கு உரியவை. பேருந்து நிலையத்தைப் பராமரிப்பது நகராட்சி. பேருந்து ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போனால் கேட்க வேண்டியது போக்குவரத்துக் கழகத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும். மின்கம்பம் மின்வாரியத்துடையது, தெருவுக்கு வெளிச்சம் தரும் விளக்கு நகராட்சியுடையது. குழாயில் தண்ணீர் விடுவது நகராட்சி. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அமைப்பது குடிநீர் வடிகால் வாரியம். பெரிய ஏரி நீர்வளத் துறைக்கு உரியது. அதன் வாய்க்காலில் வீடு கட்டப்பட்டிருந்தால் அளந்து சொல்ல வேண்டியது வருவாய்த் துறை. அரசு மருத்துவமனைக்கு மருத்துவத் துறை. சபையில் வேறு துறை ஆள் இல்லாதபோது “அது எங்களுடையது அல்ல” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

புதிதாக எழும் ‘நகர்’களின் சிக்கல் வேறு வகை. மனைப்பிரிவு போட்டவர் அதன் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காத தெரு, ஆவணப்படி தனியார் நிலமே; அங்கே அரசுப் பணத்தில் சாலையும் வடிகாலும் அமைக்கத் தடை எழும். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளை முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. மழைக்காலச் சேறு பற்றிய புகார், வாங்கிய மனையின் பத்திரம்வரை இட்டுச் செல்வது இதனால்தான்.

பணத்துக்கும் வரையறை உண்டு. நகராட்சியின் சொந்த வருவாயில் சொத்துவரி முதன்மையானது. 2022-இல் நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் வரி உயர்ந்தது. 15-ஆவது நிதிக்குழு இத்தகைய சிறு நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவிடப்பட வேண்டும் என்று விதித்திருந்தது. வரி கட்டுபவர் அந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போனது என்று கேட்க இயல்பான இடம் பகுதி சபை.

மனு கொடுக்கும் வழிகள் தமிழ்நாட்டில் குறைவில்லை. திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, 1100 என்ற தொலைபேசி எண், 2023 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலை 15 முதல் நடந்த ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் என்று பட்டியல் நீளும். முகாம்களுக்கு ஒரு நன்மை உண்டு: பல துறைகளின் அலுவலர்கள் ஒரே பந்தலில் உட்காருவார்கள். பட்டா, ஓய்வூதியம், சான்றிதழ் போன்ற தனியாள் தேவைகளுக்கு அது பொருந்தும். ஆனால் மனு கொடுப்பவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன கேட்டார் என்று தெரியாது. ஒரே சாக்கடைக்காக ஒரு தெருவிலிருந்து பல மனுக்கள் போகும். பல ரசீதுகள் வரும். சபையில் அது ஒரே கோரிக்கையாகி, தெருவின் பெயரில் பதிவாகிறது. எங்கள் தெருவுக்கா உங்கள் தெருவுக்கா முதலில் என்ற வழக்கும் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் நடக்கிறது.

குறைகளும் தெளிவானவை. பதில் சொல்ல வேண்டிய கவுன்சிலரே கூட்டத்தை நடத்துகிறார். பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. தெருவில் ஒலிபெருக்கி அறிவிப்பு இல்லாவிட்டால் கூட்டம் நடப்பதே பலருக்குத் தெரியாது. நெடுஞ்சாலை, மின்வாரியம், வருவாய்த் துறை அலுவலர்களையும் சபைக்கு வரவழைப்பதும், முந்தைய கோரிக்கைகளின் நிலையை வாசித்த பின்பே புதியவற்றை எடுப்பதும் உடனே செய்யத்தக்க திருத்தங்கள்.

விதிகள் பகுதி சபைக்குக் குறித்துள்ள நாள்கள் நான்கு: தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25, அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14, அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15, மனித உரிமை நாளான டிசம்பர் 10. கூட்டம் நடந்ததா, எதைப் பதிவு செய்தார்கள் என்பதை நகராட்சி அலுவலகத்தில் கேட்கலாம். சொல்லாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பதில் தரக் கெடு 30 நாள்.