அடைத்த கதவு

எஹலியகொடத் தோட்டங்களில் பால்வெட்டும் தாய் விடியற்காலையிலேயே இறப்பர் மலைக்குப் போய்விடுகிறாள். தரம் இரண்டில் படிக்கும் பிள்ளை தானே உடுத்திக்கொண்டு, மழைச் சேற்றில் நடந்து பாடசாலைக்கு வந்து சேரவேண்டும். பத்து நிமிடம் பிந்தியதற்குக் கதவடைப்பதும், சப்பாத்தில் சேறென்று வெளியே நிறுத்துவதும் அதிபர்கள் சிலருக்குப் பெருமை. ஒழுக்கத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாதாம்!

பிரம்படியைக் கல்வியமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் தடைசெய்தது. ஆசிரியர் அறைந்ததில் மாணவனொருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயலென உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. 'நாங்கள் அடிக்கவில்லையே' என்று கதவடைப்போர் சொல்லக்கூடும். தோட்டத்துப் பாதையைச் செப்பனிடாதது ஏழு வயதுப் பிள்ளையின் குற்றமா? ஏன் பிந்தினாய் என்று கேட்டு உள்ளே விட்டால் எந்த ஒழுக்கம் குலைந்துவிடும்? திருப்பியனுப்பப்படும் பிள்ளை போய்ச் சேருவது பூட்டிக்கிடக்கும் லயத்துக்கு.