அமுக்கம் கூடினால் போதுமா?

மண்சரிவாலும் போராலும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் மலைகள் சரிந்ததையும் நம்மால் மறக்க முடியாது. பயிர் செய்த காணியை இழந்த குடும்பத்துக்கு அடுத்த பிழைப்பு என்ன என்பதே பெரிய கேள்வி. நமது சேமிப்புக் குழுக்களில் இளைஞர்கள் சொல்லும் ஒரு பதில், "காற்றடிக்கும் கொம்பிரசர் ஒன்று வாங்குவோம்" என்பதாகும்.

வட்டவளைக்கு இது பொருந்தாத யோசனை அல்ல. அவிசாவளையிலிருந்து அட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகும் பாதை இவ்வூரூடாகச் செல்கின்றது. முச்சக்கர வண்டிக்கும் கொழுந்து லொறிக்கும் காற்று வேண்டும். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

"அமுக்கம் எவ்வளவு?" என்று மட்டுமே கடையில் கேட்கிறோம். கூடிய இலக்கம் உள்ளதே நல்ல மெசின் என்று எண்ணுகிறோம். முச்சக்கர வண்டியின் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவு போதும். லொறி டயருக்கு 100 இறாத்தல் அளவு தேவை. இதைவிடப் பெரிய அமுக்கம் குழாய்க்கிணறு தோண்டுவோருக்கும், சுழியோடிகளின் சிலிண்டர் நிரப்புவோருக்கும் உரியது. நமக்கு அது வீண் செலவு. அமுக்கம் கூடக்கூட மின்சாரமும் கூடுதலாகவே செலவாகும்.

கேட்க வேண்டிய மற்றக் கேள்வி, "நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றுத் தரும்?" என்பது. இதைக் கேட்காத குழு ஒன்றின் கதையை நாம் நேரில் கண்டோம். வீடு கட்டும் இடத்தில் கல் உடைக்கலாம் என்று சொல்லி 2 குதிரைவலு மெசின் ஒன்றை அவர்களுக்கு விற்றிருந்தார்கள். முள் 115 இறாத்தல் காட்டியது. ஆனால் ஜெக் ஹெமரை மாட்டியதும் சில விநாடிகளில் முள் கீழே விழுந்தது. அந்த மெசின் தருவது நிமிடத்துக்கு 8 கன அடி; ஜெக் ஹெமர் கேட்பதோ 50 கன அடிக்கு மேல். அமுக்கம் இருந்தது, காற்று இல்லை. பீலியில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுந்தாலும், நூல் போல விழுந்தால் வயல் நனையுமா? இரண்டு வருடச் சேமிப்பு இன்று படங்கின் கீழ் துருப்பிடிக்கின்றது.

நம் மலையின் இயல்பையும் நினைவில் வைக்க வேண்டும். வட்டவளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்று கொழும்பைவிடப் பத்தில் ஒரு பங்கு இலேசு. ஆகவே தாங்கி நிரம்பச் சற்றுக் கூடிய நேரம் எடுக்கும். கணக்குப் பார்க்கும்போது சிறிது கூடுதலாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

அதைவிடப் பெரிய விடயம் ஈரம். இலங்கையில் மிகக் கூடுதலாக மழை பெறும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. ஈரக்காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கினால் அதிலுள்ள நீர் தாங்கியின் அடியில் தேங்கும். மழை நாளில் சிறிய மெசின் ஒரு மணிநேரம் ஓடினால் ஏறக்குறைய 200 மில்லிலீற்றர், ஒரு கோப்பை தண்ணீர் சேரும். அடியிலுள்ள திருகைத் திறந்து தினமும் வடிக்காவிட்டால் தாங்கி உள்ளிருந்தே துருவேறும். வெளியே பூசிய வர்ணம் அதைக் காட்டாது. மெலிந்த தாங்கி ஒருநாள் வெடித்தால் அருகில் நிற்கும் பிள்ளையின் உயிர் போகும். ஆகவே பழைய தாங்கிக்கு ஒட்டுப் போட்டு விற்பதை வாங்கவே கூடாது. பாதுகாப்பு வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கவும் கூடாது. பழைய தாங்கியைச் சோதிப்பதானால் காற்றால் அல்ல, தண்ணீர் நிரப்பி அமுக்கியே சோதிக்க வேண்டும். அதுவும் தெரிந்தவர் கையால்.

எமது கருத்து இதுதான். நித்திய வருமானத்துக்குச் சிறிய மெசினை வாங்குவோம். கல் உடைப்பதற்குப் பெரிய டீசல் மெசினை வேண்டிய நாட்களுக்கு வாடகைக்கு எடுப்போம். அதற்கும் முன், சரிவில் கல்லை அசைக்கலாமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுவோம். ஒரு சரிவிலிருந்து தப்பி வந்த நாமே இன்னொரு சரிவை உண்டாக்கக் கூடாது.

உதவி செய்ய வருவோரிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெசினைத் தெரிவுசெய்து கொண்டுவந்து இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவது உதவியாகாது. எங்கள் வேலை என்ன, எங்கள் மின் இணைப்பு எவ்வளவு தாங்கும், பழுதானால் அட்டனில் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று முதலில் எங்களைக் கேளுங்கள்.

நமக்குள்ளும் அதே நியாயம் வேண்டும். சேமிப்புப் புத்தகத்தை வைத்திருப்பவர்கள் பெண்கள். கொழுந்துப் பணத்தில் மாதாமாதம் சேர்த்ததும் அவர்களே. ஆனால் கடைக்குப் போவது ஆண்கள் மட்டும். கூட்டத்தில் எல்லோரும் இருந்து, எந்த வேலைக்கு, எவ்வளவு காற்று, யார் பொறுப்பு, தினமும் தண்ணீர் வடிப்பது யார் என்று எழுதி வைத்த பின்பே பணத்தை எடுப்போம். காணியை இழந்தோம், அது நம் கையில் இருக்கவில்லை. சேமிப்பை இழப்பதும் காப்பதும் நம் கையில்தான் இருக்கின்றது.