கேட்கும் செவி எங்கே?

2001ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள். பொதுத்தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. வாக்குக் கேட்டுத் தீவகத்துக்குச் சென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பிரசார அணி நாரந்தனையிலே வழிமறித்துத் தாக்கப்பட்டது. இருவர் உயிரிழந்தனர். வேட்பாளர் மாவை சேனாதிராசா உட்படப் பலர் காயமுற்றனர். யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தபோது ஆண்டு 2016. பேச வந்தோரைப் பேசவிடாது தடுத்த குற்றத்துக்கு நீதி சொல்லப் பதினைந்து ஆண்டுகள் சென்றன.

மாற்றான் சொல் மக்கள் செவியில் விழக்கூடாது என்னும் வெறி எந்த எல்லைவரை செல்லும் என்பதற்கு நாரந்தனை வீதி ஒரு சான்று. அக்கொடுமையை நாம் கண்டித்தோம், கண்டிக்கவும் வேண்டும். ஆயினும், இரத்தம் சிந்தாமலே பிறன் சொல்லைக் கொல்லும் வழக்கம் நம்மிடையே இல்லையா? பொல்லும் துவக்கும் தூக்காத நம் கூட்டங்களிலே, சங்கங்களிலே, கட்சிக் குழுக்களிலே, எளியவன் ஒருவன் எழுந்து சொல்லும் சொல்லுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு யாது? இந்த வினாவை எனக்கும் சேர்த்தே எழுப்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நாரந்தனைக்கு அயலில் உள்ள ஒரு சிற்றூரில் வீதித் திருத்தம் பற்றிய கூட்டம் ஒன்று நடந்தது. அதிகாரிகள் வந்தனர், அரசியலார் வந்தோம். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எனக் கூட்டம் நீண்டது. நானும் இருபது நிமிடம் உரிமைகள் பற்றி முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது. கடைசி வரிசையில் இருந்த முதிய கமக்காரர் ஒருவர் இருமுறை எழுந்தார். “ஒருக்கா நான் சொல்லுறதையும் கேளுங்கோ. றோட்டை உயர்த்தினால் மழை வெள்ளம் வயலுக்கை நிக்கும், குளத்துக்குப் போகாது. இந்த இடத்திலை ஒரு மதகு வேணும்” என்றார். “அப்பு, இருங்கோ, நேரம் போச்சு, பிறகு கதைப்பம்” என்றது மேடை. பிறகு என்பது வரவே இல்லை. நன்றியுரையோடு கூட்டம் முடிந்தது.

வீதி உயர்ந்தது. மதகு வைக்கப்படவில்லை. அடுத்த மாரியில் தென்புறத்து நெல் நீரில் நின்று அழுகியது. வடபுறத்துக் குளம் அரைகுறையாகக் கிடந்தது. தீவகத்தில் நல்ல தண்ணீரின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுண்ணக்கல்லின் உள்ளே, உவர்நீரின்மீது மிதக்கும் மெல்லிய படையாகவே எங்கள் கிணற்று நன்னீர் கிடக்கின்றது. மாரி நீர் குளத்திலே தங்கி நிலத்துள் ஊறினாலன்றி அப்படை தேறாது. அந்த முதியவர் வாய்திறந்து சொன்னவை மூன்று வாக்கியங்கள். அவற்றைக் கேட்டிருந்தால் வயலும் பிழைத்திருக்கும், கிணறும் பிழைத்திருக்கும். எம்முடைய இரண்டு மணிநேரச் சொற்பொழிவு ஒரு சாண் நிலத்தையேனும் காத்ததா? இல்லை.

இதனை அதிகாரிகளின் குற்றம் என்று ஒதுக்கிவிட்டுச் செல்வது எளிது. அந்த மேடையிலே நானும் இருந்தேன் என்பதை மறைத்து அவ்வாறு எழுத என் மனம் இடந்தரவில்லை.

திருவள்ளுவர் பொருட்பாலை வகுத்த முறையை இவ்விடத்தே நோக்குதல் நன்று. கேள்வி என்னும் அதிகாரத்தை அவர் அரசனுக்குரிய பகுதியிலே வைத்தார். சொல்வன்மை என்னும் அதிகாரத்தையோ அமைச்சனுக்குரிய பகுதியிலே வைத்தார். ஆள்பவனுக்கு முதற்கடமை கேட்பது; அவனுக்கு உரைப்பவனுக்கே பேச்சுவன்மை வேண்டும் என்பது இவ்வைப்பினால் நமக்குப் புலனாகின்றது. மக்களாட்சியிலே அரசர் எவர்? மக்கள். அவர்களின் பெயரால் பதவியில் அமர்ந்தவர் இருபாலாரும் ஆவர்: நாடாளுமன்றத்திலே பேச வேண்டிய அமைச்சரும் அவரே, ஊரிலே கேட்க வேண்டிய அரசரும் அவரே. நாமோ பாதியை மட்டும் பழகிக்கொண்டோம். மேடைத் தமிழிலே தேர்ந்தோம். செவிச் செல்வத்தை இழந்தோம். கேள்வி என்ற சொல்லுக்கே வினவுதல், செவிமடுத்தல் என இரு பொருள் உண்டு. வினவிவிட்டு விடைக்குக் காத்திராதவன் கேள்வி கேட்டவனாகான்.

கிராமக் கூட்டத்தின் நோய் கட்சியையும் பற்றும். எங்கள் ஊர்காவற்றுறைத் தொகுதியின் வரலாறே அதற்குச் சான்று. 1963ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் இத்தொகுதி மக்கள் தமிழரசுக் கட்சியின் வ. நவரத்தினத்தைத் தெரிந்தனுப்பினர். அவர் சட்டத்தரணி; கட்சியின் சிந்தனையாளருள் ஒருவர். 1968இல் ஆட்பதிவு மசோதாவை ஒட்டி அவர் கட்சித் தலைமையோடு முரண்பட்டார், கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் சுயாட்சிக் கழகம் கண்டார். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரும் தோற்றார். ஆயின், அவர் அன்று கட்சிக்கு வெளியே நின்று எழுப்பிய தனியாட்சிக் கோரிக்கையை 1976 மே 14இல் வட்டுக்கோட்டையிலே தமிழர் விடுதலைக் கூட்டணி தன் தீர்மானமாக்கியது. தந்தை செல்வா சரியா, நவரத்தினம் சரியா என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. அவ்வளவு பெரிய வினா, ஒரே கூரையின் கீழ், இரு தரப்பும் ஒருவரையொருவர் செவிமடுக்க ஆராயப்பட்டிருந்தால் இனத்துக்குப் பயன் விளைந்திருக்கும் என்பதே என் துணிபு. கட்சிக் கட்டுப்பாடு வேண்டும். ஆயின் கட்டுப்பாடு என்பது முடிவெடுத்த பின் வருவது. முடிவுக்கு முன்னே அதனைப் புகுத்தினால் அது வாய்ப்பூட்டாகும்.

அந்தப் பாடத்தை நாம் கற்றோமா? 2001இல் பல கட்சிகள் கூடிக் கூட்டமைப்பு ஆயின. 2010இல் ஓரணி பிரிந்தது. 2023இன் தொடக்கத்தில் தமிழரசுக் கட்சி உள்ளூராட்சித் தேர்தலுக்குத் தனித்து நிற்கத் தலைப்பட்டது. ஏனையோர் வேறு கூட்டணி கண்டனர். 2024 சனவரி 21இல் திருகோணமலையிலே அக்கட்சி தன் தலைவரை வாக்கெடுப்பினால் தெரிந்தது. ஒருவர் 184 வாக்கும் மற்றவர் 137 வாக்கும் பெற்றனர். வாக்கெடுப்பு மக்களாட்சிக்கு அழகு. அதன்பின் எழுந்த பிணக்கோ நீதிமன்றப் படியேறியது. அவ்வாண்டு நவம்பர் 14இல் நடந்த பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. மக்கள் இனத்தை மறந்துவிட்டனர் என்று சிலர் சினந்தனர். மக்கள் மறந்தனரா, அன்றி, தம்மைக் கேளாதாரைக் கைவிட்டனரா? கடைசி வரிசையில் இருமுறை எழுந்து இருமுறை அமர்த்தப்பட்டவன், மூன்றாம் முறை வாக்குச் சீட்டினால் பேசுகின்றான்.

“எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் கருமம் எப்போது நடக்கும்?” என்று வினவுவோர் உளர். கேட்பது வேறு, இசைவது வேறு. எம் தொழிலின் அடிப்படை விதியே மறுதரப்பையும் கேள் என்பதுதான். இருதரப்பையும் கேட்ட நீதிபதி ஒருவனுக்கே தீர்ப்பளிக்கின்றார். தோற்றவன் தன் வழக்குக் கேட்கப்பட்டது என்னும் அமைதியோடு வீடு செல்கின்றான். கேளாமல் அளித்த தீர்ப்பு, சரியானதாயினும், மேன்முறையீட்டில் நிலைப்பதரிது. கூட்டத்தின் முடிவும் அத்தகையதே. கேட்கப்படாதவன் முடிவுக்குக் கையுயர்த்துவான். ஆனால் தோள் கொடுக்க மாட்டான்.

இதற்கு நம் நாட்டிலேயே நடைமுறைச் சான்று உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இணக்க சபைகள் தோன்றின. 1978இல் அவை நீக்கப்பட்டன. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளைத் தந்தது. அங்கே எல்லைத் தகராறும் கடன் பிணக்கும் கொண்டு வருவோர் தத்தம் கதையைத் தாமே சொல்லுகின்றனர். சட்டத்தரணிகள் தோன்றி வாதாட அங்கு இடமில்லை. எம் போன்றோருக்கு அது சற்றுக் கசப்பான செய்தியே! ஆயினும் காரணத்தை உணர்கின்றேன். வேலித் தகராறு எனக் கோப்பில் எழுதப்பட்டது, இருவரும் வாய்விட்டுப் பேசும்போது, ஒரு மரணவீட்டுக்குச் சொல்லாமல் விட்ட மனத்தாங்கலாய் வெளிப்படும். கதியாலை அளந்து அதனைத் தீர்க்க முடியுமா? வாதாடும் சட்டத்தரணி வேலியைத்தான் கேட்பான். செவிமடுக்கும் மத்தியஸ்தர் மனிதனைக் கேட்பார்.

எனவே, கூடிக் கருமம் ஆற்ற விரும்பும் கமக்காரர் அமைப்புக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், சனசமூக நிலையத்துக்கும், நாம் சார்ந்த கட்சிக் கிளைக்கும் சில நெறிகளை முன்வைக்கின்றேன். செலவற்றவை, சட்டத் திருத்தம் வேண்டாதவை.

முதலாவது, மேடை பேசுமுன் சபை பேசட்டும். பிரச்சினை உடையவன் முதலில் எழட்டும். விருந்தினர் உரை இறுதிக்குச் செல்லட்டும். இரண்டாவது, ஒருவன் கருத்தை மறுக்க எழுபவன், அக்கருத்தைத் தன் வாயால் ஒருமுறை சொல்லட்டும். “நான் சொன்னது அதுதான்” என்று முன்னவன் ஒப்பிய பின்னரே மறுப்புத் தொடங்கட்டும். நம் சண்டைகளுட் பாதி அவ்விடத்திலேயே ஓய்ந்துவிடும். மூன்றாவது, கூட்டக் குறிப்பிலே முடிவு மட்டுமன்றி மாற்றுக் கருத்தும் பதியப்பட வேண்டும். கலையுமுன் அக்குறிப்பு உரக்க வாசிக்கப்பட வேண்டும். அந்த முதியவரின் மதகு குறிப்பேட்டில் ஒரு வரியாய் ஏறியிருந்தால், மறுநாள் பொறியியலாளர் அதனைத் தாண்டிச் சென்றிருக்க இயலாது. நான்காவது, இன்ன கருமம், இன்னார் பொறுப்பு, இன்ன நாளுக்குள் என்று எழுதாமல் எக்கூட்டமும் கலையலாகாது. ஐந்தாவது, பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து பேசும் நிலை வேண்டும். தண்ணீருக்குக் குடம் தூக்கி நடப்பவரைக் கேளாமல் தண்ணீரைப் பற்றித் தீர்மானிப்பது பேதைமை.

படித்த உத்தியோகத்தருக்குத் தனியே ஒரு சொல். எழுத்தறிவு உங்களிடம் உண்டு. நிலத்தறிவு கமக்காரரிடம் உண்டு. அவர் நூல்மொழி பேசாமையினால் அவர் சொல்லில் நுட்பமில்லை என்று எண்ணாதீர். கமக்காரருக்கும் ஒரு சொல். இருமுறை அமர்த்தினால் மூன்றாம் முறையும் எழுங்கள். உங்கள் மௌனத்தை நாங்கள் சம்மதம் என்று எழுதிக்கொள்வோம். அது எங்கள் பழக்கதோஷம்.

கொழும்பு எம்மைக் கேட்கவில்லை என்பது எம் நீண்டநாள் முறைப்பாடு, அது நியாயமானது. 1957இல் செய்த பண்டா–செல்வா உடன்படிக்கை, அடுத்த ஆண்டே, தமிழரை ஒரு சொல் கேளாமல் கிழித்தெறியப்பட்டது. அந்த நியாயத்தை உலகின்முன் வைக்கும் நாம், நம் சொந்தக் கூட்டத்தில் நம்மவன் ஒருவனை “இரு” என்று அமர்த்தலாமா? பிறரிடம் கோரும் நீதியை நம் வாசலிலே தொடங்குவோம்.

அடுத்த மாரிக்கு முன் அந்த ஊரிலே மீண்டும் ஒரு கூட்டம் நடக்க வேண்டும். இம்முறை நான் மேடையில் ஏறப்போவதில்லை. குறிப்பேட்டோடு கடைசி வரிசையில், அந்த முதியவருக்குப் பக்கத்தில் அமர்வேன். மதகு எங்கே வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.